லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் போட்டு முடித்த கையோடு "டிரைவரை எங்கே இறக்குவது?" என்று கேட்பவர்களில் பலருக்கும் நான் சொல்லும் பதில், "ஒன்றும் செய்யாதீர்கள்" என்பதுதான். மற்றவர்களிடம் என்விடியா கார்டு இருக்கும். அவர்களால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு நீண்டுவிட்டது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் எழுத்துத் திரை) அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இடைக்கோடு இருந்தால் அதையும் சேர்த்து.

விண்டோஸில் செய்வது போல, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நிறுவலாமா?

வேண்டாம். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதித் தலைவலி வராது. லினக்ஸில் டிரைவர் வரவேண்டிய இடம் உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகையின்) களஞ்சியம், அதாவது அது மென்பொருள்களைத் தரும் இடம். அதிலிருந்து எடுக்கும் கருவி உபுண்டு, டெபியனில் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன். காரணம் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் டிரைவரில் கர்னலுக்குள் ஏறும் துண்டான கர்னல் மாட்யூலை ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். களஞ்சியத்திலிருந்து வந்த டிரைவர் கர்னல் மாறும்போது தானும் சேர்ந்து மாறிக்கொள்ளும். வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டதற்குக் கர்னல் மாறியதே தெரியாமல் போகலாம்.

எனக்கு இது புத்தியில் ஏறியது பட்ட பிறகுதான். பதிப்பு எண் பெரிதாக இருந்தால் டிரைவரும் நல்லதாக இருக்கும் என்று நம்பி, களஞ்சியத்து டிரைவர் ஏற்கெனவே இருக்கும்போதே, அதன் தலைமேல் 'ரன்' என்று முடியும் கோப்பை இறக்கி ஓட்டினேன். அன்றைக்கு எல்லாம் வேலை செய்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு கர்னல் அப்டேட் வந்தது, மறுநாள் காலை கறுப்புத் திரை. நீக்கிவிடலாம் என்றால் ஆப்ட் ஒரு பதிப்பைச் சொல்கிறது, வட்டில் கிடக்கும் கோப்புகளோ இன்னொரு பதிப்பு. சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே போயின. தப்பு முழுக்க என்னுடையது.

நீங்களும் அப்படிப் போட்டிருந்தால், அதே ரன் கோப்பை 'அன்இன்ஸ்டால்' தேர்வோடு ஓட்டி முதலில் நீக்குங்கள். அப்புறம் களஞ்சியத்து டிரைவரை நிறுவுங்கள். வரிசை முக்கியம்.

என் கம்ப்யூட்டரில் என்ன கார்டு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை, இடைக்கோடு கே சேர்த்து ஓட்டுங்கள். வரும் பட்டியலில் 'விஜிஏ' அல்லது '3டி கன்ட்ரோலர்' என்று வரும் வரிகளைத் தேடுங்கள். அதற்குக் கீழேயே இப்போது எந்தக் கர்னல் டிரைவர் ஓடுகிறது என்பதும் இருக்கும். 'ஏஎம்டிஜிபியு', 'ஐ915', 'எக்ஸ்ஈ', 'நூவோ', 'என்விடியா' ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். லேப்டாப் என்றால் இரண்டு கார்டு தென்படலாம். அது பழுது இல்லை.

எந்த யோசனை கேட்பதற்கு முன்பும் இந்த வரிகளைக் கையில் வைத்திருங்கள். "கேமிங் லேப்டாப்தான்" என்று சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

என்னுடையது ஏஎம்டி கார்டு. என்ன நிறுவ வேண்டும்?

எதுவும் வேண்டாம். ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-இல், 4.2-ஆம் பதிப்பிலிருந்து கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அது கார்டோடு பேசும் பகுதி. விளையாட்டுகளும் மற்ற நிரல்களும் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல், வல்கன் (படம் வரையச் சொல்லும் இடைமுகங்கள்) பகுதியை மேசா என்ற தொகுப்பு தருகிறது. 1993-இல் பிரையன் பால் தொடங்கிய மேசா இன்று ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரோவிலும் முன்கூட்டியே இருக்கும். மூன்றாவதாக ஃபர்ம்வேர்: கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு கோப்புகள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நாம் டிரைவர் என்று சொல்வது.

ஏஎம்டியின் தளத்தில் லினக்ஸுக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள். அது சில தொழில்முறை மென்பொருள்களுக்கும் கணிப்பு வேலைகளுக்கும் உரியது. விளையாட்டுக்கு மேசாவே மேல். ஏஎம்டியே தன்னுடைய ஏஎம்டிவிஎல்கே வல்கன் டிரைவரை 2025-இல் நிறுத்திவிட்டு, மேசாவில் உள்ள 'ரேட்வி'யை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டது.

கார்டு ரொம்பப் புதிது என்றால் மட்டும் கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 வந்தபோது அதற்கு மேசா 25.0-உம் புதிய கர்னலும் தேவைப்பட்டன. உபுண்டு 24.04 வெளியானபோது அதில் இருந்ததோ 6.8 கர்னல். இப்படிப்பட்ட இடத்தில் டிரைவர் தேடி அலைவதை விட, டிஸ்ட்ரோவின் புதிய பதிப்புக்கு மாறுவதே நேர்வழி. கார்டு வாங்கியது போன மாதம், டிஸ்ட்ரோ இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் சிக்கல் வரத்தான் செய்யும்.

டிவியில் எச்டிஎம்ஐ வழியாக 4கே, 120 ஹெர்ட்ஸ் சரியாக வரவில்லை. இதுவும் ஏஎம்டிதான்.

டிரைவரை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எச்டிஎம்ஐ 2.1 ஆதரவைத் திறந்த மூல (நிரல்வரிகள் எல்லோருக்கும் திறந்திருக்கும்) டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டபோது, எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு இந்தத் தடை இல்லை. மானிட்டரில் அந்தத் துளை இருந்தால் அதில் செருகுங்கள்.

இன்டெல்?

ஏஎம்டிக்குச் சொன்னதேதான். கர்னலும் மேசாவும் போதும். ஆர்க் ஏ வரிசைக் கார்டுகளுக்கு 6.2 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் இருக்கட்டும். பழைய வழிகாட்டிகளில் 'எக்ஸ்எஃப்86-வீடியோ-இன்டெல்' தொகுப்பைப் போடச் சொல்லியிருக்கும். அதைப் பல வருடமாக யாரும் பராமரிக்கவில்லை, போடாதீர்கள்.

சரி, என்விடியாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

என்விடியாவின் டிரைவர் நெடுங்காலம் முழுக்க மூடிய மூலமாக இருந்ததால். கர்னலுக்குள் சேர்க்க முடியாத ஒன்றை வெளியிலிருந்து ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டிய இடம் அடிக்கடி பிய்ந்தது. தன்னார்வலர்கள் டிரைவரைப் பின்னோக்கி ஆராய்ந்து 'நூவோ' என்ற திறந்த மூல டிரைவரை எழுதினார்கள். அது 2010-இல் 2.6.33 கர்னலில் சேர்ந்தது. ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைத்தான் கார்டு ஏற்கும் என்றானது. அதன் பிறகு நூவோவால் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியவில்லை. கார்டு தொடங்கும்போது இருக்கும் ஆமை வேகத்திலேயே கடைசி வரை ஓடும். 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டியது இந்தக் காலத்துக் கோபத்தில்தான்.

நிலைமை மாறியது 2022 மே மாதம். அப்போது என்விடியா தன் கர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2024-இல் 560 பதிப்பு முதல் புதிய கார்டுகளுக்கு அதுவே இயல்புத் தேர்வு. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். திறந்தது கர்னல் பகுதி மட்டும்தான். ஓபன்ஜிஎல், வல்கன், கூடா (கார்டில் கணக்கீடு செய்ய என்விடியா தரும் ஏற்பாடு) எல்லாம் இன்னும் மூடிய மூலமே.

என் என்விடியா கார்டுக்கு எந்தப் பதிப்பு?

ஆர்டிஎக்ஸ் 20, ஜிடிஎக்ஸ் 16 வரிசைகளும் அவற்றுக்குப் பின் வந்த எல்லாமும்: களஞ்சியத்தில் உள்ள புதிய பதிப்பு, 'ஓபன்' மாட்யூலோடு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓபன் மாட்யூல் கட்டாயம், மூடியது வேலையே செய்யாது.

ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசைகள்: இவற்றுக்கு ஓபன் மாட்யூல் கிடையாது, மூடியதுதான். அதிலும் 580-தான் கடைசிக் கிளை. 590-க்குத் தாவினால் கார்டு கண்டுகொள்ளப்படாது. "அப்டேட் செய்தேன், 1060 செத்துவிட்டது" என்று பதறுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். கார்டு சாகவில்லை.

ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 470. ஜிடிஎக்ஸ் 400, 500-க்கு 390. இரண்டுக்கும் தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துவிட்டது. புதிய கர்னல்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இணையம் பார்க்கவும் எழுதவும் மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் என்றால் நான் நூவோவிலேயே விட்டுவிடுவேன்.

நிறுவும் வழியைச் சொல்லுங்கள்.

உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற பகுதியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினல் பிடித்தவர்கள் 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' என்று அடித்தால் அதே வேலை நடக்கும். லினக்ஸ் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்'.

ஃபெடோராவில் முதலில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு 'ஏகேமாட்-என்விடியா' தொகுப்பு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நிறுவல் முடிந்தது என்று வந்த உடனே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள், மாட்யூல் அப்போதும் பின்னணியில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். 'மாட்இன்ஃபோ என்விடியா' என்று கேட்டால் பதிப்பு எண் வர வேண்டும். பிழை வந்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

டெபியனில் களஞ்சியப் பட்டியலில் 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ', 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது டெபியன் 12-இல் புதிதாகப் பிரிக்கப்பட்டது, பழைய குறிப்புகளில் இருக்காது. பின்பு கர்னல் ஹெடர்ஸ் (மாட்யூலைக் கட்டத் தேவையான கர்னல் கோப்புகள்), அதன்பின் 'என்விடியா-டிரைவர்'.

ஆர்ச்சில் 'என்விடியா-ஓபன்'. வேறு கர்னல் வைத்திருந்தால் அதன் டிகேஎம்எஸ் வடிவம் (கர்னல் மாறும்போது மாட்யூலைத் தானே மறுபடி கட்டுவது), கூடவே அந்தக் கர்னலின் ஹெடர்ஸ். ஆர்ச் பயன்படுத்துபவர்கள் மீதியை அவர்களுடைய விக்கியிலேயே படித்துக்கொள்வார்கள், எனக்கு வேலை மிச்சம்.

நிறுவினேன், பிழை எதுவும் வரவில்லை. ஆனால் டிரைவர் ஏறவே இல்லை.

செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கும். அது இருந்தால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. 'சூடோ மாட்புரோப் என்விடியா' என்று அடித்துப் பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தால் இதுதான் காரணம்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று எல்லோரும் சொல்வார்கள். அது சுலபம்தான், ஆனால் வேறு வழியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சாவி உருவாக்கி, மாட்யூலை அதனால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை நம்பலாம் என்று கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஒருமுறை சொல்லிவிட வேண்டும். உபுண்டுவில் டிரைவர் நிறுவும்போது திடீரென்று ஒரு கடவுச்சொல் கேட்குமே, அது இதற்காகத்தான். உங்கள் லாகின் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. புதிதாக ஒன்றை வைக்கச் சொல்கிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வரும். பயந்துபோய் 'கன்டினியூ பூட்' கொடுத்துவிடாதீர்கள். 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆமாம் என்று சொல்லி, அதே கடவுச்சொல்லை அடியுங்கள்.

அந்தத் திரை சில நொடிகள்தான் காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போனால் தவறிவிடும். தவறினால் 'மோக்யூட்டில்' கட்டளையில் இம்போர்ட் தேர்வைக் கொடுத்து மறுபடி தொடங்க வேண்டும். அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும் என்பதால், கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் இல்லாமல் இருப்பது நல்லது.

ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரை. இப்போது என்ன?

முதலில் ஒரு சங்கடமான கேள்வி: மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கார்டில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு இரவெல்லாம் டிரைவரைத் திட்டியவர்கள் உண்டு.

கேபிள் சரி என்றால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள லாகின் வந்தால் கவலையே இல்லை. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, படம் காட்டும் பகுதி மட்டும் விழுந்திருக்கிறது. உள்ளே நுழைந்து, நிறுவிய என்விடியா தொகுப்புகளை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதுவும் வரவில்லையா? தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் மெனுவுக்கு (எந்தக் கர்னலைத் தொடங்குவது என்று கேட்கும் திரை) போங்கள். அங்கே இரண்டு வழி. ஒன்று, 'அட்வான்ஸ்டு' பகுதிக்குள் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுப்பது. நேற்று வரை ஓடியது என்றால் இது பெரும்பாலும் கைகொடுக்கும். இன்னொன்று, 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடம் விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து, எஃப்10 அழுத்துவது. கார்டின் டிரைவர் திரையைக் கைப்பற்றாமல், ஏதோ ஒரு குறைந்த தெளிவுத்திறனில் படம் வரும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்.

நோமோட்செட் மருந்து மாதிரி, சாப்பாடு மாதிரி இல்லை. அதைக் கிரப் அமைப்பில் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு, "ஏஎம்டி கார்டு போட்டும் எல்லாம் மெதுவாக ஓடுகிறதே" என்று பிற்பாடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இருக்கும் வரை ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் ஏறவே ஏறாது.

உள்ளே வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்க 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் போன பூட்டின் பதிவைக் கேளுங்கள். சிவப்பில் இருக்கும் வரிகளில் முதலாவதைப் படியுங்கள். கடைசியில் வருபவை எல்லாம் அதன் விளைவுகள்தான்.

ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் டிரைவர் உடைகிறது.

டிகேஎம்எஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு: புதிய கர்னல் வந்ததும் மாட்யூலைத் தானாகவே மறுபடி கட்டும். அதற்குக் கர்னல் ஹெடர்ஸ் வேண்டும், அந்தக் கர்னலுக்கு உரியதே வேண்டும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று கேட்டுப் பாருங்கள். புதிய கர்னலின் எண் பட்டியலில் இல்லையென்றால், பெரும்பாலும் ஹெடர்ஸ்தான் விடுபட்டிருக்கும். அது இருந்தும் கட்டவில்லையென்றால், உங்கள் டிரைவர் பதிப்பு அந்தக் கர்னலைவிடப் பழையது. சில நாள் பழைய கர்னலிலேயே ஓட்டுங்கள்.

டிரைவர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையைப் பெரிய எழுத்து பி தேர்வோடு ஓட்டி, 'ரெண்டரர்' வரியைப் பாருங்கள். கார்டின் பெயர் இருந்தால் சரி. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் படத்தை வரைவது உங்கள் பிராசஸர். கார்டு சும்மா இருக்கிறது. என்விடியாவுக்கு 'என்விடியா-எஸ்எம்ஐ' போதும்: பதிப்பு, வெப்பம், நினைவகம், எந்த நிரல் பயன்படுத்துகிறது என்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும்.

என்விடியா-எஸ்எம்ஐ திடீரென்று 'டிரைவர், லைப்ரரி பதிப்பு பொருந்தவில்லை' என்று சொன்னால் பதற வேண்டாம். பின்னணியில் அப்டேட் ஆகியிருக்கிறது: வட்டில் புதியது, நினைவகத்தில் பழைய மாட்யூல். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

லேப்டாப்பில் இரண்டு கார்டு. விளையாட்டு எப்போதும் சின்னதில்தான் ஓடுகிறது.

அது அப்படித்தான் இருக்க வேண்டும், பேட்டரிக்காக. பெரிய கார்டு வேண்டிய நிரலுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். என்விடியா என்றால், நிரலின் பெயருக்கு முன் 'பிரைம்-ரன்' சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி என்றால் 'டிஆர்ஐ பிரைம்' என்ற சூழல் மாறியை, இரண்டு சொல்லுக்கும் நடுவில் அடிக்கோடு போட்டு, 1 என்று வையுங்கள். க்னோம் டெஸ்க்டாப்பில் ஐகானை வலது கிளிக் செய்தாலே தனிக் கார்டில் ஓட்டும் தேர்வு வரும். உபுண்டுவில் 'பிரைம்-செலக்ட்' வைத்து ஒரேயடியாக மாற்றலாம், ஆனால் 'ஆன்-டிமாண்ட்' நிலையிலேயே விடுவதுதான் என் விருப்பம். எப்போதும் பெரிய கார்டு என்று வைத்தால், விசிறிச் சத்தத்தில் நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

என்விடியாவோடு வேலேண்ட் ஓடுமா?

ஓடும். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய ஏற்பாடு எக்ஸ்11, புதியது வேலேண்ட். 2021-இல் 495 பதிப்பு, வேலேண்ட் பக்கம் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் ஜிபிஎம் ஆதரவைக் கொண்டுவந்தது. 2024-இல் 555 பதிப்பு கொண்டுவந்த வெளிப்படை ஒத்திசைவால், திரை மினுங்கும் தொல்லை பெருமளவு போனது. 555-க்குக் கீழே இருப்பவர்கள் எக்ஸ்11-லேயே இருங்கள்.

ஸ்டீமில் சில விளையாட்டுகள் மட்டும் திறக்கவில்லை.

32-பிட் நூலகங்கள் விடுபட்டிருக்கும். பழைய விளையாட்டுகளுக்கு அவை வேண்டும், 64-பிட் டிரைவர் மட்டும் போதாது. ஸ்டீமை ஃபிளாட்பேக்காக (எல்லா டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான தனித் தொகுப்பு வடிவம்) நிறுவியிருந்தால் கதை வேறு: ஃபிளாட்பேக் தனக்கென்று என்விடியா நூலகத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். அது வெளியே உள்ள டிரைவரின் பதிப்போடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். டிரைவர் மாறிய பின் 'ஃபிளாட்பேக் அப்டேட்' ஓட்ட மறக்காதீர்கள்.

ஃபெடோராவில் வீடியோ பார்த்தாலே பிராசஸர் சூடாகிறது.

காப்புரிமைக் காரணத்தால் ஃபெடோரா 2022-இல் எச்.264, எச்.265 என்ற வீடியோ வடிவங்களின் வன்பொருள் முடுக்கத்தை (கார்டே வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி) தன் மேசாவிலிருந்து எடுத்துவிட்டது. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃப்யூஷனில் 'ஃப்ரீவேர்ல்டு' என்று முடியும் மேசா தொகுப்பை நிறுவினால் சரியாகும்.

என்விடியா-எஸ்எம்ஐ கூடா 12 என்று காட்டுகிறது, ஆனால் கூடா கம்பைலரைக் காணவில்லையே?

அந்த மூலையில் காட்டும் எண், உங்கள் டிரைவர் தாங்கக்கூடிய அதிகபட்சப் பதிப்பு. நிறுவியிருப்பதைச் சொல்லவில்லை. பைடார்ச் போன்ற பைத்தான் நூலகங்களைப் பிப் வழியாக நிறுவினால், தேவையான கூடா நூலகங்கள் கூடவே வந்துவிடும். டிரைவர் மட்டும் இருந்தால் போதும். நீங்களே கூடா நிரல் எழுதப் போகிறீர்கள் என்றால், என்விடியாவின் களஞ்சியத்தில் 'கூடா' என்ற மொத்தத் தொகுப்பைத் தொடாதீர்கள். அது டிரைவரையும் சேர்த்து இழுத்து வந்து, ஏற்கெனவே இருப்பதோடு மோதும். 'கூடா-டூல்கிட்' மட்டும் எடுங்கள்.

என்விடியாவைக் கழற்றிவிட்டு ஏஎம்டி கார்டு போடப் போகிறேன். முன்னதாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கழற்றுவதற்கு முன் என்விடியா தொகுப்புகளை நீக்குங்கள். 'எக்ஸ்11' அடைவில் முன்பு எப்போதோ எழுதிய 'எக்ஸ்ஆர்க்' அமைப்புக் கோப்பு கிடந்தால் அதையும் அழித்துவிடுங்கள், இல்லாத கார்டைத் தேடிக்கொண்டிருக்கும். இவ்வளவுதான், விண்டோஸைத் திரும்ப நிறுவுவது போல எல்லாவற்றையும் துடைக்கத் தேவையில்லை.

மூடிவைத்த லேப்டாப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிகிறது.

உறங்கும்போது கார்டின் நினைவகம் காலியாகிவிட்டது. என்விடியா மாட்யூலில், வீடியோ நினைவக ஒதுக்கீடுகளைப் பாதுகாக்கச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை 1 என்று வைத்து, டிரைவரோடு வரும் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகள் சிஸ்டம்டியில் (பின்னணிச் சேவைகளை நடத்தும் நிரல்) இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். பல டிஸ்ட்ரோக்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. ரன் கோப்பு வழியாக நிறுவியவர்கள் கையால் செய்ய வேண்டியிருக்கும்.